இரவுப் பட்டியலில் எத்தனை பெயர்கள்?

2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை மாலை. கொச்சி கலூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் பெரிய நடன நிகழ்ச்சி ஒன்று. அதற்காகப் போட்டிருந்த மேடையிலிருந்து திருக்காக்கரை சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் தவறி விழுந்தார். ஏறத்தாழ 15 அடி உயரம். தலையிலும் நுரையீரலிலும் முதுகெலும்பிலும் காயம். பக்கத்தில் பாலாரிவட்டத்தில் இருக்கும் ரெனை மெடிசிட்டிக்குக் கொண்டுபோனார்கள், வென்டிலேட்டரில் வைத்தார்கள். 2025 பிப்ரவரி நடுவில்தான் அவர் வீடு திரும்பினார்.

மேடைக்கு ஏன் உறுதியான தடுப்பு இல்லை என்று கேரளம் முழுக்கப் பேசியது. அது பேசவேண்டிய விஷயம்தான். எனக்குள் எழுந்த கேள்வி வேறு. இப்படிப்பட்ட காயத்தோடு ஒருவர் வந்தால் நரம்பியல் அறுவை நிபுணர், தீவிர சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், எலும்பு முறிவு மருத்துவர், ஸ்கேன் பார்த்துச் சொல்ல ஒரு ரேடியாலஜிஸ்ட் என எல்லோரும் வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்து ஞாயிறு மாலையிலும் இவர்கள் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார்கள் என்று நகரம் நம்புகிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு மட்டுமில்லை, கலூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழும் வழிப்போக்கருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. யாருடைய தூக்கத்தை வைத்து இந்த நம்பிக்கை நடக்கிறது?

மருத்துவர்களின் பணிச்சோர்வைப் பற்றிப் பேச கலூர் நல்ல இடம். 1956இல் தொடங்கிய லிசி மருத்துவமனை இதன் ஓரத்தில் இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கொச்சிக் கிளை இயங்கும் ஐ.எம்.ஏ. ஹவுஸ் ஸ்டேடியத்துக்குப் பக்கம்தான். பி.வி.எஸ். நினைவு மருத்துவமனையும் இங்கேதான் இருந்தது. 2019இல் பல மாதச் சம்பளம் கிடைக்காமல் அங்கே மருத்துவர்களும் ஊழியர்களும் போராடினார்கள், பிறகு மருத்துவமனை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கோவிட் வந்தபோது மாவட்ட நிர்வாகம் அதே கட்டடத்தை எடுத்து, நிலைமை மோசமான நோயாளிகளுக்கான மையமாக மாற்றியது. சம்பளம் இல்லாமல் வெளியேறியவர்களின் கட்டடத்துக்குள், ஒரே ஆண்டு இடைவெளியில், முழுக் கவச உடை போட்டு ஐ.சி.யூ. பார்க்கும் இன்னொரு கூட்டம் நுழைந்தது.

நியூயார்க்கில் இலவச கிளினிக் ஒன்றில் வேலை பார்த்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் இந்த நிலைக்கு 'பர்ன்அவுட்' என்று பெயர் வைத்தார். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அது மூன்றைப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, செய்யும் வேலையில் பயன் இருக்கிறது என்ற எண்ணம் கரைவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தது. ஆனால் நோய் என்று சேர்க்கவில்லை, வேலையிடம் சார்ந்த ஒரு நிகழ்வு என்றே வரையறுத்தது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. காரணம் வேலையிடத்தில் இருக்கிறது என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு, நம் மருத்துவமனைகள் மருத்துவரை மட்டும் உட்காரவைத்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கின்றன.

கேரள மருத்துவர்களைப் பற்றிப் பரவலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. ஐ.எம்.ஏ. கேரளக் கிளை தன் உறுப்பினர்களுக்காகச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் பங்கு போட்டு அவர் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். அந்தத் திட்டத்தின் 2007 முதல் 2016 வரையிலான பதிவுகளைச் சங்கத்தின் ஆய்வுப் பிரிவு அலசியது. ஏறத்தாழ 10,000 உறுப்பினர்களில் 282 பேர் அந்தப் பத்தாண்டில் இறந்திருந்தார்கள். இறந்தபோது அவர்களின் சராசரி வயது 61.75. மலையாளியின் சராசரி ஆயுட்காலம் அப்போது 74.9. ஆக, கேரள மருத்துவர் மற்றவர்களைவிட 13 ஆண்டு முன்னதாகவே இறக்கிறார் என்று செய்தித்தாள்கள் தலைப்புப் போட்டன.

இந்த ஒப்பீடு நிற்காது. பள்ளிக்கூடம் ஒன்றில் பத்து ஆண்டில் இறந்த பிள்ளைகளின் சராசரி வயதை எடுத்தால் 12 வரலாம். அதனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் ஆயுள் 12 என்று ஆகிவிடாது. இறந்தவர்களை மட்டும் எண்ணி, உயிரோடு இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களை விட்டுவிட்டால் இப்படித்தான் வரும். சரியான கேள்வி, ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் மருத்துவர்களின் இறப்பு விகிதம் அதே வயது மற்றவர்களைவிடக் கூடுதலா என்பது. 13 ஆண்டு என்ற எண் அதற்குப் பதிலாகாது.

ஆனாலும் அந்த ஆய்வை ஒதுக்கிவிடக் கூடாது என்பேன். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இதய நோயால் போனவர்கள், இன்னொரு நான்கில் ஒரு பங்கு புற்றுநோய். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் ஊருக்கெல்லாம் மாத்திரை எழுதும் கூட்டத்திலும் இதய நோய்தான் முதல் இடத்தில் நிற்கிறது. நோயாளியிடம் 'வருஷத்துக்கு ஒரு தடவை செக்-அப் பண்ணிக்கோங்க' என்று சொல்லும் மருத்துவர் தன் செக்-அப்பைத் தள்ளிப்போடுவார். யாரிடமாவது போய் உட்கார நேரம் வேண்டுமே, அவருக்குப் பதிலாக ஓ.பி.யில் உட்கார ஆள் வேண்டுமே.

அதே ஆய்வுப் பிரிவு 2024 ஆகஸ்டில் செய்த இன்னொரு வேலை எனக்கு இன்னும் உறுதியாகப் படுகிறது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பணியில் இருந்த முதுநிலை மாணவி ஆகஸ்ட் 9ஆம் தேதி கொல்லப்பட்டார். நீண்ட டூட்டிக்கு நடுவே அவர் ஓய்வெடுக்கப் போனது கருத்தரங்க அறைக்கு. அதைத் தொடர்ந்து கொச்சியைச் சேர்ந்த மருத்துவர் ராஜீவ் ஜெயதேவன் தலைமையில் நாடு முழுக்க மருத்துவர்களிடம் இரவுப் பணி பற்றிக் கேட்டார்கள். 22 மாநிலங்களிலிருந்து 3,885 பேர் பதில் சொன்னார்கள், பெரும்பாலும் 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல், இரவுப் பணியில் பாதுகாப்பாக உணரவில்லை என்றார்கள். 45 சதவீதம் பேருக்கு இரவில் டூட்டி ரூமே இல்லை. இருக்கும் அறைகளிலும் பல வார்டிலிருந்தும் கேஷுவாலிட்டியிலிருந்தும் தள்ளி இருந்தன, மூன்றில் ஒன்றுக்குக் குளியலறை இணைப்பு இல்லை.

பணிச்சோர்வுத் தடுப்பு என்று பெரிய சொல் சொல்கிறோம். அதன் முதல் படி தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறையும் ஒரு கட்டிலும். அதையே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கொடுக்க முடியாத ஏற்பாட்டில் மன உறுதிப் பயிற்சி பற்றிப் பேசுவது எனக்குக் கூசுகிறது.

வேலை நேரத்துக்கு வருவோம். மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் 5 அன்று ரெசிடென்ட் மருத்துவர்களுக்கான ஆணை ஒன்றை வெளியிட்டது. தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஜூனியர் ரெசிடென்ட் வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம் வேலை பார்த்தால் போதும், சுழற்சியில் வாரம் ஒரு நாள் விடுப்பு. கூடவே, வேலையின் அவசரத்துக்கு ஏற்ப நேரம் வளைந்துகொடுக்கும் என்றும் எழுதிவைத்தது. அந்த வளைவுக்குள் 36 மணி நேர டூட்டி நுழைந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகள் நியாயமான வேலை நேரம், நியாயமான ஓய்வு என்று மட்டும் சொல்லி, மணிக்கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டன. பிறகு அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதற்காக நடத்திய கணக்கெடுப்பில் கலந்துகொண்ட 5,337 முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தக் குழு பரிந்துரைத்த உச்சவரம்பு, வாரத்துக்கு 74 மணி நேரம். 1992இல் 48. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, மாணவர்களின் நலனுக்காகவே அமைத்த குழு 74ஐக் கேட்கவேண்டிய நிலை.

இதெல்லாம் படிக்கும் மருத்துவர்களுக்கு. படித்து முடித்து நிபுணரானவருக்குக் காகிதத்தில்கூட வரம்பு கிடையாது. தனியார் மருத்துவமனையில் கன்சல்டன்டாக இருப்பவர் தொழிலாளர் என்ற சட்ட வரையறைக்குள் பொதுவாக வருவதில்லை. இரவில் வார்டில் டூட்டி டாக்டர் இருப்பார். நிபுணர் வீட்டில், போன் தலையணைக்கு அருகில். ஒரு துறையில் இரண்டே நிபுணர்கள் என்றால் ஆண்டில் 182 இரவுகள் ஒவ்வொருவருக்கும் ஆன்-கால். ஒருவரே என்றால் 365. நான்கு பேர் இருந்தால் 91. எத்தனை தடவை போன் வந்தது என்பது இரண்டாவது விஷயம். வரலாம் என்று காத்திருக்கும் உடம்பு ஆழ்ந்து தூங்காது. குழந்தையின் பள்ளி விழாவுக்குப் போகும்போதும் தனி வண்டியில் போகவேண்டும், பாதியில் திரும்ப நேரலாம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. வழக்கம்போலத் தொடங்கும். இரவு முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர் அதில் உட்காருகிறாரா என்று கேட்க எந்த அதிகாரிக்கும் பொறுப்பு இல்லை.

விமானிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விமானிகளின் களைப்பைக் குறைக்க சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியது, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்தது. அந்த விதி முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், 2025 டிசம்பரில், போதிய விமானிகளை வைத்திராத இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. அரசு தற்காலிக விலக்குக் கொடுக்க நேர்ந்தது. பயணிகள் பட்ட பாடு பெரிது. ஆனாலும் அந்தக் குழப்பம் ஓர் உண்மையைக் காட்டியது: ஓய்வு விதி கண்டிப்பாக இருந்தால், ஆள் பற்றாக்குறை நிறுவனத்தின் கணக்கில் வெளிப்படையாகத் தெரிகிறது. மருத்துவமனையில் அது மருத்துவரின் உடம்புக்குள் மறைந்துபோகிறது.

அப்படியானால் மணி நேரத்தைக் குறைத்தால் போதுமா? இங்கே ஆராய்ச்சி நம்மை நிதானிக்கச் சொல்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லேண்ட்ரிகன் குழு 2004இல் ஐ.சி.யூ. இன்டர்ன்களை வைத்துச் செய்த சோதனையில், பழைய நீண்ட டூட்டி முறையில் கடுமையான தவறுகள் 36 சதவீதம் கூடுதலாக இருந்தன. அதே லேண்ட்ரிகன் 2020இல் ஆறு குழந்தைகள் ஐ.சி.யூ.க்களில் பெரிய அளவில் சோதித்தபோது முடிவு தலைகீழானது. டூட்டியைச் சுருக்கிய காலத்தில் தவறுகள் கூடின. காரணம் தேடியபோது தெரிந்தது: நேரத்தைக் குறைத்தவர்கள் ஆளைக் கூட்டவில்லை. ஒரு ரெசிடென்டுக்கு 6.7 நோயாளிகள் என்றிருந்தது 8.8 ஆகியிருந்தது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தபோது முடிவில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. நான் படித்தவற்றிலேயே கொள்கை வகுப்பவர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய ஆய்வு இதுதான். நேரத்துக்கு மட்டும் சட்டம் போட்டுவிட்டு ஆட்களைப் பற்றிப் பேசாமல் விட்டால், நோயாளிதான் அடிபடுவார்.

நிபுணர்களிடமே நேரடியாகச் செய்த சோதனைகளும் உண்டு. சிகாகோவில் ஒரு பெரிய பொது மருத்துவமனையில் மூத்த மருத்துவர்களின் வார்டுப் பொறுப்பை நான்கு வாரத்திலிருந்து இரண்டு வாரமாகச் சுருக்கிப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவின்படி சோர்வு குறைந்தது, வீடு சென்ற நோயாளிகள் எதிர்பாராமல் திரும்பி வருவது கூடவில்லை. தீவிர சிகிச்சை நிபுணர்களுக்கு வார இறுதியில் வேறொருவர் வந்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை 2011இல் சோதித்தார்கள். இடைவிடாமல் இரண்டு வாரம் பார்த்தவர்கள் கூடுதலாகத் துவண்டிருந்தார்கள், நோயாளிகளின் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 'என் நோயாளியை நானேதான் பார்க்கணும்' என்ற மருத்துவரின் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நோயாளிக்கு அது கட்டாயத் தேவை என்பதற்கு இந்தச் சோதனைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இத்தகைய முயற்சிகளையெல்லாம் தொகுத்து 2017இல் மான்செஸ்டரைச் சேர்ந்த மரியா பனகியோட்டி குழு எடைபோட்டது. தனி மருத்துவரைக் குறிவைத்த பயிற்சிகளுக்குச் சிறு பலன் இருந்தது, பணி அமைப்பையே மாற்றிய முயற்சிகளுக்குத் தெளிவாகக் கூடுதல் பலன் இருந்தது. யோகாவையும் தியானத்தையும் நான் குறைசொல்லவில்லை. விரும்புகிறவர் செய்யட்டும். மருத்துவமனை நிர்வாகம் அதைத் தன் பங்களிப்பாகக் கணக்குக் காட்டக் கூடாது என்பதுதான் என் வாதம்.

தூக்கத்துக்கு வெளியேயும் ஒரு காயம் இருக்கிறது. 2025 ஜூன் 28 அன்று திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் (யூராலஜி) துறைத் தலைவர் ஹாரிஸ் சிறைக்கல் முகநூலில் எழுதினார். கருவிகள் வராததால் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று. மாநிலம் அதிர்ந்தது, அரசு நிபுணர் குழு அமைத்தது, பிற்பாடு அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸும் போனது. அவர் தன் வேலை நேரத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தும், செய்யக் கை இருந்தும், கருவி இல்லாமல் நோயாளியின் முகத்தைப் பார்க்கவேண்டியிருப்பது ஒருவரை எப்படி அரிக்கும் என்பதை அந்தப் பதிவில் கேரளம் படித்தது. இதற்கு விடுமுறை மருந்தாகாது. கொள்முதல் கோப்பு நகரவேண்டும். துறைத் தலைவர் சொல்வதற்கு நிர்வாகத்தில் எடை இருக்கவேண்டும்.

பயம் இன்னொன்று. 2023 மே 10 அதிகாலை கொட்டாரக்கரை தாலுக்கா மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டார். போலீஸ் அழைத்துவந்திருந்த ஆள்தான் குத்தியது. கேரளம் உடனே அவசரச் சட்டம் போட்டு, மருத்துவப் பணியாளரைக் கடுமையாகத் தாக்கினால் 7 ஆண்டு வரை சிறை என்றாக்கியது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில், கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் நிபுணர் பாலாஜி ஜெகந்நாதனை ஒரு நோயாளியின் மகன் குத்தினார். அவர் பிழைத்தார். தண்டனைச் சட்டம் தேவைதான். எனினும் நெரியும் ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஒதுக்க முடிகிற புற்றுநோய் மருத்துவரால், இனி என்ன நடக்கும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேச முடிவதில்லை. அந்தப் பேசாத பேச்சு பின்னால் கோபமாக வந்து நிற்கும் இடங்கள் பல. இங்கேயும் கேள்வி ஆட்களின் எண்ணிக்கையில்தான் போய் முட்டுகிறது.

கொச்சி இருக்கும் எர்ணாகுளம் மாவட்டத்துக்கு இதில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அதை உருவாக்கியவர்கள் செவிலியர்கள். 2011-12இல் கொச்சியின் பெரிய மருத்துவமனைகளில் சம்பளத்துக்காகவும் வேலை நேரத்துக்காகவும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோதமங்கலத்தில் நூறு நாளுக்கும் மேல் நீண்ட போராட்டத்தின் முடிவில் சில செவிலியர்கள் மருத்துவமனைக் கட்டடத்தின் மேலேறி நின்றார்கள். அரசு அமைத்த பலராமன் குழு செவிலியர்களுக்கு மூன்று ஷிஃப்ட் முறையைப் பரிந்துரைத்தது. 2018இல் குறைந்தபட்ச சம்பளம் 20,000 ரூபாய் என்று அரசாணை வந்தது. எல்லா மருத்துவமனைகளும் எல்லாவற்றையும் செய்துவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு செவிலியரின் பணி எப்போது தொடங்கி எப்போது முடியும் என்ற கேள்வி அதன்பின் பொதுக் கேள்வியாகிவிட்டது. அதே கட்டடத்தில் வேலை செய்யும் நிபுணர், 'நமக்கென்ன, நாம ப்ரொஃபெஷனல்ஸ்' என்று ஒதுங்கி நின்றார். அந்த ஒதுக்கத்தின் விலையைத்தான் இன்று தன் இரவுகளில் கொடுக்கிறார்.

சிறிய மருத்துவமனைக்கு ஒவ்வொரு துறையிலும் நான்கு நிபுணர்களை வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது என்பார்கள். உண்மை. ஆனால் கலூரிலிருந்து பாலாரிவட்டம், இடப்பள்ளி வரை சில கிலோமீட்டருக்குள் எத்தனை மருத்துவமனைகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு மயக்க மருந்து நிபுணரை, ஒரு குழந்தை மருத்துவரை ஒவ்வோர் இரவும் காக்கவைக்கவேண்டியதில்லை. நாலைந்து மருத்துவமனைகள் சேர்ந்து பொதுவான ஆன்-கால் பட்டியல் வைக்கலாம். மயக்க மருந்து நிபுணர்கள் ஏற்கெனவே பல மருத்துவமனைகளுக்குப் போய்வருகிறார்கள், முறைப்படுத்துவது மட்டுமே பாக்கி. யார் பொறுப்பு, தவறு நேர்ந்தால் இழப்பீட்டுக் காப்பீடு யாருடையது, நோயாளியின் கோப்பு எப்படிக் கைமாறும் என்ற மூன்றையும் எழுத்தில் வைக்கவேண்டும். இவற்றில் கோப்பு கைமாறுவதுதான் கடினம். அங்கேதான் தவறு நேரும்.

போட்டி மருத்துவமனைகள் ஒன்றுசேருமா என்ற சந்தேகத்துக்குக் கேரளத்திலேயே பதில் உண்டு. மருத்துவக் கழிவை ஒவ்வொரு மருத்துவமனையும் தனியாக எரிக்க முடியாது என்றபோது, ஐ.எம்.ஏ. 'இமேஜ்' என்ற அமைப்பைத் தொடங்கி, பாலக்காடு மாவட்டத்தில் பொது ஆலை வைத்து, மாநிலம் முழுக்க உள்ள மருத்துவமனைகளின் கழிவை எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்தது. ஓர் உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் திரட்டும் திட்டத்தையும் அதே சங்கம்தான் நடத்துகிறது. கழிவுக்கும் மரணத்துக்கும் கூட்டு ஏற்பாடு வைத்திருக்கும் சங்கம், உயிரோடு இருக்கும் உறுப்பினரின் இரவுக்கும் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு துறையிலும் ஒரு மருத்துவருக்கு ஆண்டில் எத்தனை ஆன்-கால் இரவுகள், இரவில் தியேட்டருக்குப் போனவர்களில் எத்தனை பேர் மறுநாள் காலை ஓ.பி. பார்த்தார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் கொச்சி மருத்துவமனைகள் ஓராண்டு குறித்துவைத்து, ஐ.எம்.ஏ. ஹவுஸுக்கு அனுப்பட்டும். டூட்டி ரோஸ்டர் ஏற்கெனவே எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்கவேண்டியதில்லை.